கப்பல் வராத சித்திரை

அடி அண்ணாமலை. மாலை வெயில் மலையின் மேற்கு முகத்தில் விழுகிறது. பாறைகள் சுட்ட செங்கல் நிறத்தில் நிற்கின்றன. கிரிவலப் பாதையின் தார் இன்னும் ஆறவில்லை. வெறுங்காலோடு நடப்பவர்கள் ஓரத்து நடைபாதைக்கு ஒதுங்குகிறார்கள்.

வருண லிங்கம் பின்னால் போய்விட்டது. வாயு லிங்கம் இனிமேல்தான். நடுவில் இந்த ஊர். வருணன் கடலுக்கு அதிபதி. கடல் கிழக்கே, மலைக்கும் அப்பால், புதுச்சேரியில் கிடக்கிறது. நூறு கிலோமீட்டர்.

பாதையோரம் மாணிக்கவாசகர் கோயில். சின்னது. திருவெம்பாவை இந்த மலையடியில் பிறந்தது என்கிறது ஊர். மாணிக்கவாசகர் என்ற வாதவூரர் பாண்டியனின் அமைச்சர். குதிரைப்படைக்குக் குதிரை வாங்கக் கருவூலப் பொன்னோடு கடற்கரைப் பக்கம் அனுப்பப்பட்டவர். பொன் திருப்பெருந்துறையில் கோயிலாகிறது. மதுரையில் அரசன் காத்திருக்கிறான். லாயம் காலியாக இருக்கிறது. ஆவணி மூலத்தன்று குதிரைகள் வருகின்றன. இரவில் அவை நரிகளாகிக் கட்டை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன.

நடப்பவர்கள் திருநீறு பூசிக்கொண்டு நகர்கிறார்கள்.

கோயிலைத் தாண்டி ஒரு தங்கும் விடுதி. இரும்பு கேட். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒருவர். வயது அறுபத்தைந்து இருக்கும். கொடுக்கப்பட்ட நீலச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. ஷூ மட்டும் அவருடையது. கறுப்பு. பாலிஷில் முகம் தெரியும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் ஏராளம். ஓய்வுக்குப் பிறகு பலர் இப்படி ஏதாவது ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டீக்கடைப் பையன் கிளாஸோடு வருகிறான். "மிலிட்டரி தாத்தா, சக்கரை கம்மிதான்."

"வை ராஜா."

இருட்டிவிட்டது. கார் வெளிச்சம் சுவரில் ஏறுகிறது. அவர் கிளாஸைத் தரையில் வைக்கிறார். எழுகிறார். கேட் திறக்கிறது. கார் உள்ளே போகிறது. கேட் மூடுகிறது. நோட்டை எடுக்கிறார். வண்டி எண். ஆட்கள் எத்தனை. 'நேரம்' என்ற கட்டத்தில் நான்கு இலக்கங்கள். புள்ளி கிடையாது. பி.எம். கிடையாது. பட்டாளத்துக் கணக்கு.

1942.

அந்த எண்ணுள்ள ஆண்டில், பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் விழுகிறது. அங்கே தலைமைப் பொறியாளர் ஐவன் சிம்சன் தீவின் வடக்குக் கரையில் அரண்கள் எழுப்ப அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பி இருந்தது, சாமான் இருந்தது. தளபதி பெர்சிவல் இசையவில்லை. அரண் கட்டினால் படைக்கும் மக்களுக்கும் மனம் தளரும் என்பது காரணம். எதிரி வடக்கிலிருந்துதான் வந்தான்.

மார்ச் 8. ரங்கூன். அங்கிருந்து தமிழர்கள் நடந்து வருகிறார்கள், மலைகளையும் ஆறுகளையும் தாண்டி. வழியில் விழுந்தவர்களுக்கு முறையான கணக்கு இல்லை.

மார்ச் 23. போர்ட் பிளேர். அந்தமானில் ஜப்பானியக் கொடி. அந்தமானுக்கும் சென்னைக்கும் நடுவில் இனி வங்காள விரிகுடாவின் தண்ணீர் மட்டும்.

கொழும்பு. ஒரு மேஜை, ஒரு வரைபடம். தலைமைத் தளபதி அட்மிரல் லேட்டன். தீவில் கவர்னருக்கும் மேலான அதிகாரம் அவருக்கு. விமானப்படைக்கு டால்பியாக். கப்பல்படை அட்மிரல் சாமர்வில்லின் கையில்.

ஜப்பானியர் ஏப்ரல் 1 வாக்கில் வருவார்கள் என்று உளவுத் தகவல். சாமர்வில் இலங்கைக்குத் தெற்கே கடலில் நிற்கிறார். பகலில் கப்பல்கள் மேற்கே ஒதுங்குகின்றன. இரவில் கிழக்கே வருகின்றன. மார்ச் 31, யாரும் இல்லை. ஏப்ரல் 1, யாரும் இல்லை. ஏப்ரல் 2, யாரும் இல்லை. பழைய போர்க்கப்பல்களில் குடிதண்ணீர் குறைகிறது. படை மாலத்தீவுகளின் தெற்கு முனையிலுள்ள அட்டு பவளத்தீவுக்குத் திரும்புகிறது. ரகசியத் துறைமுகம். இலங்கையிலிருந்து அறுநூறு மைல்.

ஏப்ரல் 4, சனிக்கிழமை. சாமர்வில்லின் கப்பல்கள் அட்டுவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கடலினா படகு விமானம் தெற்கே சுற்றுகிறது. உள்ளே ஒன்பது பேர். விமானி கனடாக்காரர், லெனார்ட் பிர்ச்சால். மாலைத் தொடுவானத்தில் புள்ளிகள். கிட்டே போகிறார். புள்ளிகள் கப்பல்களாகின்றன. அட்மிரல் நகுமோவின் படை. ஐந்து விமானந்தாங்கிகள். எத்தனை கப்பல், எந்தத் திசை, என்ன வேகம் என்று கம்பியில்லாத் தந்தி தட்டுகிறது. மீண்டும் தட்டுகிறது. பாதியில் நிற்கிறது.

மூன்று பேர் சாகிறார்கள். மீதிப் பேர் கைதிகள். கொழும்பில் அந்தத் தகவல் கையில் இருக்கிறது.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை. தேவாலயங்களில் பூசை நடக்கிறது. ரத்மலானையில் விமானங்கள் இன்னும் தரையில் நிற்கின்றன. முந்தின நாளே எச்சரிக்கை வந்த ஊர். வானத்தில் ஜப்பானிய விமானங்கள் தெரிகிறவரை அந்த மைதானத்துக்கு அது எட்டவில்லை. துறைமுகத்தில் புகை. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுகிறது. பிற்பகலில், நடுக்கடலில், கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்குகின்றன. 424 பேர். தப்பியவர்கள் மறுநாள் மாலை வரை எண்ணெய் படர்ந்த தண்ணீரில் மிதக்கிறார்கள்.

ஏப்ரல் 9, வியாழன். திருகோணமலை. ஹெர்மிஸ் விமானந்தாங்கி முந்தின இரவே துறைமுகத்தை விட்டு விலகி மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டது. அதன் மேல்தளத்தில் விமானம் ஒன்றுகூட இல்லை. கடலோரத்துக்குக் கிட்டே அகப்படுகிறது. 307 பேர். எண்ணெய்த் தொட்டி ஒன்று நாட்கணக்கில் எரிகிறது.

திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் நடந்தால்தான் கோணேசர் கோயிலுக்குப் போக முடியும். 1620களில் போர்த்துகீசியத் தளபதி கான்ஸ்டன்டைன் டி சா பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கட்டிய கோட்டை. பிறகு டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். ஒவ்வொருவரும் பீரங்கியைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். இன்றும் கோட்டைக்குள் துருவேறிய பீரங்கி நிற்கிறது. புள்ளிமான்கள் அதன் நிழலில் படுத்திருக்கின்றன. தேங்காய்த் தட்டோடு பெண்கள் மேலே ஏறுகிறார்கள். ஒரு மான் எழுந்து தட்டை முகர்ந்து பார்க்கிறது.

ஏப்ரல் 6. கொழும்புக்கும் திருகோணமலைக்கும் நடுவில் ஒரு திங்கட்கிழமை. அட்மிரல் ஒசாவாவின் கப்பல்கள் விரிகுடாவின் வடக்கே திரிகின்றன. இருபதுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் மூழ்குகின்றன. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுகிறது. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் அப்போது சென்னை மாகாணத்து ஊர்கள்.

சென்னை. பங்குனி கடைசி வாரம். விஷு வருஷம் முடியப் போகிறது. சித்திரபானு பிறக்க வேண்டும்.

1941 கணக்கெடுப்பின்படி நகரத்தில் 7 லட்சத்து 77 ஆயிரம் பேர். தெருவிளக்குகளுக்குக் கறுப்பு மூடி. கண்ணாடி ஜன்னல்களில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டை. வாசல்களில் மணல் வாளி. பூங்காக்களில் பதுங்கு குழி. குழிகளில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். ஏ.ஆர்.பி. என்ற வான்தாக்குதல் தற்காப்புப் படையின் தொண்டர் ஊதலோடு வருகிறார். பிள்ளைகள் கலைகிறார்கள். அவர் போனதும் மறுபடி இறங்குகிறார்கள்.

கடற்கரையில் முள்கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் கட்டுமரம். விடிகாலையில் கட்டுமரங்கள் வழக்கம்போல் இறங்குகின்றன.

ஏப்ரல் 7, செவ்வாய். அபாயச் சங்கு ஊதுகிறது. குண்டு விழவில்லை. அன்றே ராணுவத் தரப்பிலிருந்து சென்னை அரசுக்கு ஒரு தகவல்: ஜப்பானியப் படை கப்பல்களில் தென்னிந்தியக் கரையை நோக்கி வருகிறது. கோட்டையில் கவர்னர் சர் ஆர்தர் ஹோப்பின் ஆட்சி. 1939இல் காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பிறகு ஆலோசகர்களை வைத்து நடக்கும் ஆட்சி. மக்களிடம் பேச மக்கள் தேர்ந்தெடுத்தவர் யாரும் அந்த நாற்காலிகளில் இல்லை.

தகவல் தவறு.

அது தவறு என்று தெரியும் முன்பே கோப்புகள் கட்டப்படுகின்றன. நாடா சுற்றி, முடிச்சுப் போட்டு, லாரியில் ஏறுகின்றன. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்கு. அலுவலகங்கள் ஊட்டிக்கும் உள்மாவட்டங்களுக்கும். வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போவது நல்லது என்று மக்களுக்கு அரசின் அறிவிப்பு.

அறிவிப்பை ஒருவர் படிக்கிறார். பத்துப் பேர் கேட்கிறார்கள். அரசாங்கமே போகிறது என்பது ஒன்றுதான் காதில் நிற்கிறது.

எழும்பூர் ஸ்டேஷன். டிக்கெட் ஜன்னலிலிருந்து வரிசை வாசலுக்கு வெளியே போய்த் திரும்புகிறது. டிரங்குப் பெட்டிகள். படுக்கைச் சுருள்கள். பித்தளை அண்டா, அதற்குள் தவலை, அதற்குள் சொம்பு. ஒரு பாட்டி அம்மிக் குழவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மி வீட்டில். குழவி மட்டும் கையில். யாரோ கேட்கிறார்கள். அவள் பதில் சொல்லவில்லை.

வண்டி வருகிறது. ஜன்னல் வழியே முதலில் குழந்தை ஏறுகிறது, பிறகு மூட்டை, பிறகு தகப்பன். தாய் பிளாட்பாரத்தில் ஓடுகிறாள். ஒரு கை நீள்கிறது. ஏற்றிக்கொள்கிறது.

தெருக்களில் பூட்டு. மயிலாப்பூரில் பூட்டு, திருவல்லிக்கேணியில் பூட்டு. வீடுகள் வந்த விலைக்குக் கைமாறுகின்றன. நாய்கள் திண்ணையில் படுத்திருக்கின்றன. உறவு இருக்கும் ஊர்களுக்கெல்லாம் ஜனம் போகிறது. காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை, சேலம், கும்பகோணம். குப்பத்து ஜனத்துக்கு உள்நாட்டில் ஊர் கிடையாது. அவர்களுடைய ஊர் அந்தக் கரைதான். அவர்கள் வலையைப் பிரித்து உலர்த்துகிறார்கள்.

வயதானவர்கள் வாயில் ஒரு பெயர் வருகிறது. எம்டன்.

1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை. ஊர் முழுக்க விளக்கு எரிகிறது. கலங்கரை விளக்கமும் சுழல்கிறது. ஜெர்மன் கப்பல் எம்டன் இருட்டில் கிட்டே வந்து நிற்கிறது. கேப்டன் வான் முல்லர் தேடுவிளக்கைப் போடச் சொல்கிறார். வெளிச்ச வட்டத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள். பத்து நிமிஷம். சுமார் 130 குண்டுகள். கிரசின் எரிகிறது. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் உயிர் போகிறது. விளக்கணைத்துக்கொண்டு கப்பல் போய்விடுகிறது. அப்போதும் ஜனம் ரயிலேறியது.

கப்பல் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் அதன் கதை முடிகிறது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிடுகிறது. வாலுப் பையனுக்கு எம்டன். கண்டிப்பான அப்பாவுக்கும் எம்டன். யாருக்கும் பிடிகொடுக்காத ஆளுக்கும் எம்டன். ஹைகோர்ட் சுற்றுச்சுவரில், குண்டு விழுந்த இடத்தில், ஒரு கல்வெட்டுப் பலகை. அதன் கீழே வெள்ளரிக்காய்க்காரி கூடையை இறக்கி வைக்கிறாள்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க். ரிப்பன் கட்டிடத்துக்குப் பின்னால் மிருகக்காட்சிசாலை. பல தலைமுறைகளாக நகரத்தின் பிள்ளைகள் அங்கேதான் சிங்கத்தைப் பார்க்கிறார்கள். கார்ப்பரேஷன் கமிஷனர் ஓ. புல்லா ரெட்டிக்கு ராணுவத் தரப்பிலிருந்து ஒரு கவலை வந்து சேர்கிறது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால்?

மலபார் ஸ்பெஷல் போலீஸ் வருகிறது. துப்பாக்கிகள் தோளில். கூண்டுக் காவலர்கள் வழிகாட்டுகிறார்கள். புலி எழுந்து கம்பி அருகே வருகிறது. ஆள் வந்தால் சாப்பாடு வரும் என்பது அதன் பழக்கம்.

சிங்கம். புலி. சிறுத்தை. கரடி.

சென்னையைக் காக்கும் ஆயத்தத்தில் அந்த மாதம் சுடப்பட்டவை இவை. கூண்டுகள் கழுவப்படுகின்றன. மான்களும் பறவைகளும் மிஞ்சுகின்றன.

சித்திரை ஒன்று. சித்திரபானு வருஷம் பிறக்கிறது. வேப்பம்பூப் பச்சடிக்கு வேப்பம்பூ மரத்திலேயே இருக்கிறது. பறிக்க வீட்டில் ஆள் இல்லை. பஞ்சாங்கம் படிப்பவர் கோயில் மண்டபத்தில் உட்கார்கிறார். எதிரில் ஏழெட்டுப் பேர்.

கடலில் அந்த நாளில் ஜப்பானியக் கப்பல் இல்லை. திருகோணமலையை முடித்துக்கொண்ட நகுமோ கிழக்கே திரும்பிவிட்டார். மலாக்கா நீரிணை, பிறகு வீடு. தென்னிந்தியாவில் படை இறக்கும் கப்பல்கள் அவரோடு வரவே இல்லை. இலங்கையைத் தாக்கியது பிரிட்டிஷ் கப்பல்படையைத் தேடி. அந்தப் படையின் பெரும்பகுதியும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று, அககி, சோரியு, ஹிரியு, ஜூன் மாதம் பசிபிக்கில் மிட்வே பக்கம் மூழ்கப் போகின்றன. இதெல்லாம் சென்னையில் யாருக்கும் தெரியாது. கோட்டையில் தொலைநோக்கி கிழக்கைப் பார்க்கிறது. அலை. மறுபடி அலை.

விழுப்புரம் சந்திப்பு. மீட்டர்கேஜ் வண்டி காட்பாடிப் பக்கம் திரும்புகிறது. ஜன்னலோரம் இருப்பவர்கள் முதலில் மலையைப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். திருவண்ணாமலை ஸ்டேஷனில் சாமான்கள் இறங்குகின்றன. குதிரைவண்டிக்காரர் மூட்டைகளை எண்ணுகிறார். மறுபடி எண்ணுகிறார்.

"எங்கிருந்து சாமி?"

"பட்டணம்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சாட்டையை எடுக்கிறார்.

கோயில் மதில். ராஜகோபுரம் 217 அடி. பதினொரு நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார். பட்டணத்தார் நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். உயரமும் கனமும் தெம்பு தருகின்றன. கல் மேல் கை வைத்துப் பார்க்கிறார் ஒருவர்.

இந்த மதில் போருக்குப் புதியதல்ல. 1753 முதல் 1790 வரை கர்நாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் யார் யாரோ இதைப் பிடித்தார்கள், விட்டார்கள். நவாப் தரப்பு, மராட்டியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்ப் படை. மதில் இருந்ததால் கோட்டை. கோட்டை என்றதால் முற்றுகை.

1767 செப்டம்பர். ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து வருகிறார்கள். கர்னல் ஜோசப் ஸ்மித் செங்கம் கணவாயில் ஒரு சண்டையை வென்றுவிட்டு இந்த ஊருக்கு இறங்குகிறார். வென்ற படைக்குப் பசி. திருவண்ணாமலையில் அரிசி இருக்கும் என்று சொல்லப்பட்டிருந்தது. அரிசி இல்லை. படை நெல் தேடி நகர்கிறது. மாதக் கடைசியில், வேறொரு படையும் வந்து சேர்ந்தபின், இதே ஊர்ப்புறத்தில் ஹைதரின் பீரங்கிகள் சேற்றில் சிக்க, ஸ்மித் ஜெயிக்கிறார். அதே மாதத்தில் இளவயது திப்புவின் குதிரைகள் சென்னைக்கு வெளியே பரங்கிமலை வரை போய்த் திரும்புகின்றன. கடலைப் பார்த்துக் கட்டிய கோட்டைக்கு ஆபத்து நிலத்துப் பக்கத்திலிருந்து வருகிறது. 1790இல் திப்பு இந்த மதிலுக்கே வருகிறார். பிடிக்கிறார்.

வயலில் நாற்று நட்டிருந்தவரின் பெயர் இந்தக் கணக்குகள் எதிலும் இல்லை. இருந்திருக்க வேண்டும். சேறு அவருடையது.

செங்கம் சாலை. ஸ்மித்தின் படை இறங்கிய அதே திசை. 1942இல் அந்தச் சாலையோரம் ரமணாசிரமம். ஆசிரமத்துக்குள் ஒரு குடிலில் ஓர் ஆங்கிலேயர். உயரமானவர். முதல் உலகப் போரில் படையில் இருந்தவர். 1935இல் வந்தார், தங்கிவிட்டார். பெயர் ஆலன் சாட்விக். எல்லோருக்கும் மேஜர் சாட்விக். படையை விட்டு வந்தாலும் மேஜர் விடவில்லை.

கூடத்தில் நாளிதழ் வருகிறது. ரமணர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார். மடிக்கிறார். பக்கத்தில் வைக்கிறார். பட்டணத்திலிருந்து வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பான்காரன் வருவானா என்று கேட்க வந்தவர்கள். விசிறி அசைகிறது. கூடத்துக்கு வெளியே மயில் கத்துகிறது.

வைகாசி வருகிறது. கப்பல் வரவில்லை. ஆனி. கப்பல் வரவில்லை. ஒவ்வொரு குடும்பமாகத் திரும்புகிறது. குதிரைவண்டிக்காரர் அதே மூட்டைகளை எண்ணுகிறார். பட்டணத்தில் பூட்டுகள் திறக்கின்றன. சில பூட்டுகளுக்குச் சாவி தொலைந்திருக்கிறது. சில வீடுகளுக்கு வேறு ஆள் சொந்தக்காரர். உள்ளே அம்மி அப்படியே கிடக்கிறது.

தளபதிகள் இன்னும் காத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு புதிய டிவிஷன், 25வது. வேலை, தென்னிந்தியாவை ஜப்பானியப் படையெடுப்பிலிருந்து காப்பது. தோளில் சின்னம், சீட்டுக்கட்டின் ஸ்பேட் ஏஸ். மேஜர் ஜெனரல் ஹென்றி டேவிஸ். பயிற்சி நடக்கிறது. தென்னந்தோப்பில் ஒளிகிறார்கள், ஓடையைத் தாண்டுகிறார்கள். எதிரி வராத கரை. கடைசியில் எதிரி இருக்கும் இடத்துக்கே, அரக்கானுக்கு, டிவிஷன் போகிறது.

கடல் வழியே ஒன்று வரத்தான் செய்கிறது.

1942 செப்டம்பர் 27. மேற்குக் கரை. மலபாரின் தானூர். இருட்டில் ஜப்பானிய நீர்மூழ்கி மேலே வருகிறது. ரப்பர் படகு இறங்குகிறது. படகில் ஐந்து பேர். ஐவரும் இந்தியர். பினாங்கில் பயிற்சி பெற்றவர்கள். பிரிட்டிஷ் ஆட்சியை உள்ளிருந்து தகர்க்க அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். வயது இருபத்தைந்து. மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர். கரை ஏறிக் கொஞ்ச நேரத்தில் பிடிபடுகிறார்கள்.

விலங்கு. ரயில். சென்னைச் சிறை. விசாரணை.

பீரங்கியும் முள்கம்பியும் பதுங்கு குழியும் மணல் வாளியும் கொண்டு ஓர் ஆண்டுக்கு மேல் காத்திருந்த நகரத்தில், 1943 செப்டம்பர் 10 விடிகாலையில், இப்படி அனுப்பப்பட்டவர்களில் நான்கு பேர் தூக்கிலிடப்படுகிறார்கள். அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். காதர் அதற்கு முன் அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறார். கடிதம் வக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது.

அடுத்த மாதம், அக்டோபரில், ஒற்றை ஜப்பானிய விமானம் இரவில் சென்னை மேல் வருகிறது. துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போடுகிறது. போய்விடுகிறது. இந்த முறை ஊர் காலியாகவில்லை.

முள்கம்பி துருப்பிடிக்கிறது. பதுங்கு குழிகளில் மழைத்தண்ணீர். தவளை. பிறகு மண் போட்டு மூடுகிறார்கள். எந்த இடத்தில் குழி இருந்தது என்று புல்லுக்கு மட்டும் கொஞ்ச காலம் தெரிகிறது. அங்கே பச்சை அதிகம்.

அடி அண்ணாமலை. நடுநிசி தாண்டிவிட்டது. ஆதி அருணாசலேசுவரர் கோயில் கதவு சாத்தியிருக்கிறது. வாசல்படியில் இரண்டு சாதுக்கள் போர்வைக்குள். ஒரு நாய் எழுந்து, சுற்றி, அதே இடத்தில் படுக்கிறது.

மலை உச்சி இருட்டில் இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று மட்டும் அங்கே நெருப்பு. 2,668 அடி உயரத்தில் கொப்பரையில் நெய் எரியும். சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். அதை ஏற்றுகிறவர்கள் பர்வதராஜ குலத்தார். மீன்பிடிக் குலம். ஏரியிலும் குளத்திலும் வலை வீசுகிறவர்கள். மலை மேல் தீ மூட்டும் உரிமை அவர்களுக்கு. திரிச்சீலையைத் தோளில் சுமந்து ஏறுகிறார்கள்.

மிலிட்டரிக்காரர் டார்ச்சோடு ஒரு சுற்று வருகிறார். பின்பக்கச் சுவர். தண்ணீர்த் தொட்டி. மாடிப்படி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணம் நிற்கிறார். ஒளி மேலே போகிறது, கீழே வருகிறது. திரும்ப நாற்காலிக்கு வருகிறார். ஷூவின் முனையில் ஒட்டிய மண்ணைக் கைக்குட்டையால் துடைக்கிறார்.

பாதையில் இன்னும் சிலர் நடக்கிறார்கள். ஒரு பெண் செருப்பைப் பையில் போட்டுச் சுமக்கிறாள். கூட வரும் பையன் தூங்கிக்கொண்டே நடக்கிறான்.

"இன்னும் எவ்வளவு தூரம்ணே?"

"வாயு லிங்கம் வந்துடும்மா. பையனைக் கொஞ்சம் உட்கார வைங்க."

நாற்காலியைக் காட்டுகிறார். பையன் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிடுகிறான். அவர் நின்றுகொண்டிருக்கிறார். பெண் கேட் ஓரம் குந்துகிறாள். பாதத்தைத் தேய்த்துக்கொள்கிறாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். யாரும் பேசவில்லை.

அவள் பையனை எழுப்புகிறாள். போகிறார்கள். வளைவில் மறைகிறார்கள்.

அவர் நோட்டைத் திறக்கிறார். வண்டி எண் என்ற கட்டத்தில் கோடு போடுகிறார். ஆட்கள், 2. நேரம் எழுதுகிறார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்துகிறார்.

தூரத்தில் வெளிச்சம். அவர் எழுந்து நிற்கிறார்.